தூசி லேசு, துணி போதும்

பிப்ரவரி 3, செவ்வாய்

எங்கள் அபார்ட்மெண்ட் செகரட்டரி நடனசபாபதி நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டிவிட்டார். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். இனிமேல் பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஹோஸ் போட்டுக் கார் கழுவ வேண்டுமாம். எங்கள் வரிசைக்கு நாளை மறுநாள் முறை. அதை விட்டால் இருபதாம் தேதி. அரியலூர் பைபாஸ் ஓரத்தில், சுண்ணாம்புக்கல் லாரி ஓயாமல் போகிற இடத்தில், பதினைந்து நாள்! அவர் கார் வெள்ளை. என்னுடையது கருநீலம். வெள்ளைக் கார் வைத்திருப்பவருக்கு இந்த வருத்தம் எங்கே தெரியப் போகிறது.

நாளைக்கு யாராவது என் மேல் பழி சொன்னால் காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் இந்த நோட்டு. குவாரி எடைமேடையில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். எழுதி வைக்காத எதையும் நான் நம்பியதில்லை.

இரண்டு கழுவலுக்கு நடுவே காரை எப்படித் துடைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே பார்த்து, கெடுத்து, கற்றுக்கொண்டேன். வண்டி நிழலில் நிற்க வேண்டும், தகடு ஆறியிருக்க வேண்டும். மெத்தென்ற மைக்ரோ ஃபைபர் துணியை நாலாக மடித்தால் முன்னும் பின்னும் எட்டு முகம் கிடைக்கும். தூசி துடைக்கும் திரவத்தைப் பனி போலத் தெளித்து அரை நிமிடம் விட வேண்டும். பிறகு துணியின் எடையே போதும், கை அழுத்தக் கூடாது. கூரை முதலில், கண்ணாடி, பானெட், கதவின் மேல் பாதி. கீழ்ப் பாதியில் மணல் இருக்கும், தண்ணீர் நாள் வரை அதைத் தொடவே கூடாது. ஒரு தகட்டுக்கு ஒரு முகம். முன்னிருந்து பின்னாக நேர்க் கோடு. வட்டமாகச் சுழற்றுகிறவன் பெயிண்டுக்குப் பகைவன். துணி தரையில் விழுந்தால் அன்றோடு அது தரை துடைக்கும் துணி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. தூசிக்கு அடியில் வண்டியின் நிறம் தெரிந்தால் துணி போடலாம். நிறம் தெரியாவிட்டால் கை வைக்கக் கூடாது.

வண்டியைப் பொங்கலிலிருந்து நான் வெளியே எடுக்கவில்லை. கேட் தூணைக் கட்டியவன் அதை ஒரு ஜாண் உள்ளே தள்ளிக் கட்டிவிட்டான். அதற்கு என் கண்ணைக் குற்றம் சொல்கிறார்கள். மார்ச் 20-ஆம் தேதி லைசென்ஸ் முடிகிறது. புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். கண் டாக்டரம்மா, இரண்டு கண்ணிலும் புரை, வலது முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு என் மகள் வயது. சான்று வரும் வரை வண்டியைத் தொடக் கூடாது என்று திருச்சியிலிருந்து மகள் போனில் அழுதாள். அதற்காக எடுக்காமல் இருக்கிறேன். வேறு காரணம் இல்லை. சாவி காலண்டர் ஆணியில் தொங்குகிறது.

பிப்ரவரி 4, புதன்

தூசி லேசு. துணி போதும். இருபது நிமிடம்.

பிப்ரவரி 7, சனி

விஷயம் ஒன்று நடந்திருக்கிறது.

காலை ஏழு மணிக்குத் துணியோடு போனேன். முன் பக்கத்தில் தூசியே இல்லை. எனக்கு முன்னால் யாரோ துடைத்திருக்கிறார்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்து, மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தேன். டிரைவர் கதவில் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்.

இந்த பிளாக்கில் காலையில் துணியோடு திரிவது ஒருத்திதான். வேம்பு. பதினோரு காருக்கு ஒரே வாளி, ஒரே மஞ்சள் துணி.

"வேம்பு, என் வண்டியில கை வெச்சியா?"

"ஒங்க வண்டிய நான் ஏன் தொடப்போறேன்யா? மாசச் சம்பளம் குடுக்குற வண்டிய தொடைக்கவே விடிஞ்சி வெயில் ஏறிடுது."

"அப்ப இந்த வட்டம் யார் போட்டது?"

அவள் கிட்டே வந்து பார்த்தாள். கதவைப் பார்க்காமல் பானெட்டையே பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்குவீங்க. புதங்கெழம இது மேல மாவு சலிச்சு கொட்டுனாப்புல கெடந்துச்சு. நீங்க துணிய போட்டு இழுத்தீங்க. தண்ணி ஊத்தாம அத தொடைக்கலாமா?"

பதினோரு காருக்கு ஒரு துணி வைத்திருப்பவள் எனக்குச் சொல்கிறாள். புதன்கிழமைக் குறிப்பு அப்படியே இருக்கிறது: தூசி லேசு.

பிப்ரவரி 9, திங்கள்

பின் சக்கரத்தின் மேல் வளைவில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நம் ஊர்த் தூசி சுண்ணாம்பு. விரலில் மாவு போல வழுக்கும். இது நறநறவென்றது. செம்மண். எடைமேடையில் நின்றவன் விரல் பொய் சொல்லாது.

வண்டி நகராமல் செம்மண் எப்படி வரும்? மீட்டரைப் பார்க்கலாம் என்று மனைவி தனக்கோடியைக் கூப்பிட்டேன். மூக்குக் கண்ணாடியை மேலே வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், அதனால்தான். அவள் தலையை உள்ளே நீட்டிப் படித்தாள்.

"அறுபத்தோராயிரத்து நானூத்தி எம்பத்திரெண்டு."

பொங்கலன்று இருந்த அதே எண். வண்டி நகரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

தூசி லேசு. துணி போதும். டிரைவர் கதவில் புது வட்டம் மூன்று. மீட்டர் 61,482. தனக்கோடி படித்தாள்.

பேனா மை மங்கலாக வருகிறது. கடைக்காரன் பழையதைத் தலையில் கட்டியிருக்கிறான். ஸ்கெட்ச் பேனா வாங்கிவரச் சொன்னேன். அது பரவாயில்லை, கறுப்பாக விழுகிறது.

பிப்ரவரி 14, சனி

புகார் எழுதி நோட்டீஸ் போர்டில் நானே குத்தினேன். ஏழாம் எண் இடத்தில் நிற்கும் காரை அனுமதியின்றித் துடைத்துக் கீறியவர் வேம்பு என்று சந்தேகம், எங்கள் வரிசைக்குள் அவர் வரக் கூடாது. செகரட்டரி கொஞ்சம் முனகினார். "தேசிங்கு சார், சந்தேகம்னுதானே போட்டிருக்கீங்க?" என்றார். சந்தேகம் என்று நான் போட்டது மரியாதைக்கு என்றேன். எங்கள் வரிசையில் அவளுக்கு நாலு கார் உண்டு. அதெல்லாம் போயிற்று.

மத்தியானம் சாப்பாட்டில் தனக்கோடி ரசம் ஊற்றவில்லை. கேட்டதற்கு, "அந்தப் பொம்பள வயித்துல அடிச்சிட்டு ரசம் ஒரு கேடா" என்றாள்.

"நீ என்ன அவளுக்கு வக்கீலா?"

"அவ தொடைக்கலைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சர்க்கரைக்கு நல்லதென்று பொங்கல் முடிந்ததிலிருந்து விடியற்காலை மூன்றாம் மாடி ஜெசிந்தா டீச்சரோடு நடக்கப் போகிறாள். கான்வாஸ் ஷூகூட நான்தான் வாங்கித் தந்தேன். நடக்க ஆரம்பித்ததிலிருந்து பேச்சும் கூடிவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

வேம்பு கேட்டுக்கு வெளியே கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

தண்ணீர் நாள். கூரையிலிருந்து சக்கரம் வரை கழுவித் துடைத்து முடிக்க இரண்டு மணி நேரம். வேம்பு போய் ஒரு வாரமாகிறது. வட்டம் நிற்கவில்லை. இது என்னை உறுத்துகிறது. வேம்புக்காக அல்ல. என் கணக்கு சரியாக வராததால்.

குவாரியில் லோடு ஏற்றி நிறுத்திய லாரியை யாராவது இடையில் ஓட்டிப்போய்க் கல்லை மாற்றிவிடுவார்கள். அதைப் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தோம். டயரின் அடியில் தொடங்கித் தரை வரைக்கும் சுண்ணாம்புக் கல்லால் ஒரே கோடு. வண்டி அசைந்துவிட்டால் மறுபடி அதே இடத்தில் சக்கரத்தை நிறுத்த எந்த மகனாலும் முடியாது. இன்று மாலை என் முன் சக்கரத்தில் அந்தக் கோட்டைப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, சனி

டயரில் இருந்த கோடு மேலே ஏறிவிட்டது. தரையில் இருந்த கோடு தரையிலேயே இருக்கிறது.

சாவி ஆணியில் இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

காலை ஐந்தேகாலுக்கு, தனக்கோடி நடக்கக் கிளம்பிய பிறகு, ஆணியைத் தடவினேன். வெறும் ஆணி. இறங்கிப்போய் ஜெனரேட்டர் கூண்டுக்குப் பின்னால் நின்றேன். விளக்குக்கு அடியில் இரண்டு உருவம். ஒன்று உயரம், டீச்சர். இன்னொன்று டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தது. முகம் தெரியவில்லை, அங்கே வெளிச்சம் பற்றாது. கான்வாஸ் ஷூ வெள்ளையாகத் தெரிந்தது.

வண்டி பின்னால் வந்து, நின்று, திரும்பியது. கியர் விழுந்த சத்தம் கேட்டேன். ஒரு உறுமல் இல்லை, ஒரு உதறல் இல்லை. கேட் தூணுக்கு ஒரு முழம் இடம் விட்டு வெளியே போயிற்று. தூண் அதே இடத்தில்தான் இருந்தது.

ஆறு பத்துக்குத் திரும்பி வந்தது. அதே ஏழாம் எண் இடம். டீச்சர் மேலே போய்விட்டார். தனக்கோடி டிக்கியிலிருந்து ஒரு பழைய புடவைத் துண்டை எடுத்துக் கதவைத் துடைக்க ஆரம்பித்தாள். கிரைண்டரைத் துடைக்கிற மாதிரி. சுற்றிச் சுற்றி.

கேட்க எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"வட்டமா துடைக்காதே!"

துணி கீழே விழுந்தது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து துணியை எடுத்து உதறினாள்.

"பயமுறுத்திட்டீங்க. எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?"

"எத்தனை நாளா இது?"

"பொங்கலுக்கு மறுவாரத்துலேந்து. எல்.எல்.ஆர் எடுத்திருக்கேன். டீச்சர் ஸ்கூல் கிரவுண்டுல சுத்துவோம். எட்டு போட்டுட்டேன், ரிவர்ஸும் வந்துடுச்சு."

டீச்சரின் பள்ளி மைதானம் செம்மண். என் விரல் தப்பாகச் சொல்லவில்லை.

"மீட்டர் நகரலையே?"

"படிச்சது யாரு? நானு. பொங்கலன்னிக்கு இருந்த நம்பர மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். இன்னைக்கு அறுபத்தோராயிரத்து எழுநூத்தி நாலு."

அறுபத்தொரு வயது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள். எதற்கு இந்தத் திருட்டு வேலை என்று கேட்டேன். பார்க்கிங் முழுக்கக் கேட்டிருக்கும்.

"மெதுவா. அன்னிக்கு தூணுல இடிச்சப்ப பக்கத்துல உக்காந்திருந்தது நான். தூண் வருதுங்க, தூண் வருதுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். எந்தத் தூணுன்னு கேட்டீங்க. எனக்கு ஒண்ணுன்னாலும் ஒங்களுக்கு ஒண்ணுன்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போவ ஒரு ஆளு வேணாமா? சொன்னா விடுவீங்களா?"

"என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப மீட்டர நீங்களே படிச்சிருக்கலாமே?"

கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. காலையில் சாவி ஆணியில் இல்லை. ஆறு பத்துக்குத் திரும்ப வந்தது.

பிப்ரவரி 25, புதன்

செகரட்டரியிடம் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். காரணம் கேட்டார். பெறுகிறவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றேன். போர்டிலிருந்து காகிதத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கேட்டில் வேம்பு. நாளையிலிருந்து வரலாம் என்றேன்.

"வரச் சொன்னா வந்துடணும், போகச் சொன்னா போயிடணும். நல்லாருக்குய்யா."

"புகாரைக் கிழிச்சிட்டேன்."

"கிழிச்சது யாருக்குத் தெரியும்? குத்துனது பதினோரு நாளு தொங்குச்சு. அந்த வரிசையில இருக்கிற பால்காரர்லேந்து பாப்பா வரைக்கும் படிச்சாச்சு. என்னா பேரு வாங்கிக் குடுத்தீங்க! அதே எடத்துல குத்துங்க, நான் செய்யலன்னு."

கேட்பது நியாயமாக இருந்தால் எனக்குப் பிடிப்பதில்லை. மறுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து எழுதினேன். 'பிப்ரவரி 14 புகார் சரியல்ல' என்று முதல் காகிதம். அது மழுப்பல், கிழித்தேன். 'புகாரில் பிழை நேர்ந்தது' என்று இரண்டாவது. பிழை தானாக வந்து நேருமா? மூன்றாவதில், 'வேம்பு என் காரைத் தொடவில்லை. நான் எழுதியது தவறு. தேசிங்கு, எண் 7.' நாலு முனையிலும் ஊசி குத்தினேன்.

வேம்பு இடுப்பில் கை வைத்து அண்ணாந்து படித்தாள்.

"எழுத்து எம்மாம் பெருசு! பைபாஸ்ல போற லாரிக்காரன்கூட படிச்சிட்டுப் போவான்."

ஸ்கெட்ச் பேனா அப்படித்தான் எழுதும் என்றேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்: ஆபரேஷனுக்குத் தேதி கேள். டாக்டரம்மா சொன்னதற்காக இல்லை, மகள் அழுததற்காக இல்லை. என் வண்டி மீட்டரை நானே படிக்க வேண்டும். அதற்காக மட்டும்.

தனக்கோடி ரசம் ஊற்றினாள். "ரெண்டு கரண்டி போதுமா?" என்றாள். ஐந்து நாளில் முதல் பேச்சு.

மார்ச் 8, ஞாயிறு

நேற்று தண்ணீர் நாள். ஆபரேஷன் நேரத்தில் வழுக்கி விழக் கூடாது என்று என்னைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தனக்கோடியே கழுவினாள்.

நாளைக்குப் பெரம்பலூர் கண் ஆஸ்பத்திரி. டாக்ஸி சொல்லலாம் என்றேன். நான் ஓட்டுகிறேன் என்றாள். சட்டம் இருக்கிறது என்றேன். எல்.எல்.ஆர் வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும்.

"ஒங்களுக்குத்தான் இருக்குதே, இருவது தேதி வரைக்கும்."

ஜெசிந்தா டீச்சர் பின் சீட்டில் வருவதாகச் சொன்னார். "அண்ணே, உங்க லைசென்ஸ் முன்னால, என் கண்ணு பின்னால" என்று சிரித்தார். பிறகு, "முன்னால நான் உக்காந்துக்கறேன், எனக்கும் லைசென்ஸ் இருக்கு. போலீஸ் கேட்டா வம்பு இல்ல. தூண் வந்தா சொல்றதுக்கும் ஒரு ஆளு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சரி என்றேன்.

சிவப்பு எல் ஸ்டிக்கரைப் பானெட்டில் ஒட்டப் போனார்கள். பசை பெயிண்டைத் தின்னும். கண்ணாடியில் ஒட்ட வைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

தனக்கோடி சொல்ல, டீச்சர் எழுதியது: வலது கண் முடிந்தது. கால் மணி நேரம். போகும்போது இவர் பின் சீட்டிலிருந்து பதினேழு தடவை 'பிரேக்' என்றார். நான் நாலு தடவைதான் போட்டேன்.

இந்த வரி என் கை. மேலே உள்ளதை எழுத நான் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மாவுக்குக் காதருகே நரை இருக்கிறது. என் மகளைவிட மூத்தவர்.

மார்ச் 12, வியாழன்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மட்டும் கீழே போக அனுமதி.

வண்டி நீலம். இரண்டு வருடமாகப் பெயிண்ட் சாம்பல் பூத்துப்போகிறது என்று நினைத்திருந்தேன். கம்பெனிக்காரனைத் திட்டியிருக்கிறேன். வாங்கின அன்று இருந்த அதே நீலம்.

டிரைவர் கதவில் வட்டங்கள் இருந்தன. மேலோட்டம். மெழுகு போட்டால் போய்விடும்.

பிறகு பானெட்டைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை பார்த்தேன். நேர்க் கோடுகள். முன்னிருந்து பின்னாக, சீப்பு இழுத்த மாதிரி, ஓரம் முதல் ஓரம் வரை. கூரையிலும் அப்படியே. நாலு கதவின் மேல் பாதியிலும் அப்படியே. சில நகம் தட்டும் ஆழம். வட்டம் போட்டவள் ஐந்து வாரம் போட்டாள். இது ஐந்து வார வேலை இல்லை.

இந்த வீட்டில் நேராகத் துடைப்பவர் ஒருவர்தான்.

தனக்கோடி சொட்டு மருந்தோடு இறங்கி வந்தாள். நான் குனிந்து நிற்பதைப் பார்த்து முகம் வாடிவிட்டது.

"ரொம்பக் கீறிட்டேனாங்க?"

"வட்டம் பரவாயில்லை" என்றேன்.

அவள் பானெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எத்தனை நாளாக அவளுக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் தலையை நிமிர்த்திப் பிடித்துச் சொட்டு விட்டாள்.

டிரைவர் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தேன். 61,968. நானே படித்தேன்.

மார்ச் 20, வெள்ளி

இன்றோடு லைசென்ஸ் முடிகிறது. இடது கண்ணும் முடிந்த பிறகுதான் சான்று என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏப்ரல் ஆறாம் தேதி. நான் வாதாடவில்லை. தனக்கோடிக்கு இருபத்தேழாம் தேதி டெஸ்ட். அவளுக்கு முதலில் வந்துவிடும்.

காலையில் ஏழு மணிக்குத் துணியும் திரவமும் எடுத்துக்கொண்டு போனேன். துணியை நாலாக மடித்தேன். நேற்று முழுக்கக் காற்று, லாரியும் அதிகம். வேம்பு பக்கத்து வண்டியில் வாளியோடு நின்றிருந்தாள்.

"ஐயா, இன்னைக்கும் லேசுதானா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தேன். தண்ணீர் நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. துணியை மடிப்புக் கலையாமல் பையில் வைத்தேன்.

தூசி கனம். நிறம் தெரியவில்லை. கை வைக்கவில்லை.